பழைய சேலையில் குவில்ட்: எந்தக் கருவி நின்றது, எது மூலைக்குப் போனது

குவில்ட், அதாவது துண்டுத்துணிகளை இணைத்து அடுக்காகத் தைக்கும் போர்வை, தைக்கப் போகிறேன், எந்த மிஷின் வாங்கலாம் என்று யார் கேட்டாலும், வீட்டில் ஏற்கெனவே என்ன மிஷின் இருக்கிறது என்றுதான் திருப்பிக் கேட்பேன். அம்மா காலத்துக் கறுப்பு மிஷின் ஓடுகிற நிலையில் இருந்தால் அதுவே போதும். புது மிஷினுக்கு ஒதுக்கிய காசில் கொஞ்சம் எடுத்து, அடுக்குகளைச் சேர்ந்தாற்போல் நகர்த்தும் வாக்கிங் ஃபுட் ஒன்றும், துணி வெட்ட நல்ல சக்கரக் கட்டரும் வாங்கிக்கொள்ளுங்கள். மீதியை ரயில் டிக்கெட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஊர் கரூர். பெட்ஷீட்டும் திரைச்சீலையும் கப்பலேறுகிற ஊர் என்பதால் துணிக்குப் பஞ்சமில்லை. ஏற்றுமதியில் மிஞ்சும் கட்பீஸ் எடைபோட்டே கிடைக்கும். ஆனாலும் நான் அதிகம் தைப்பது வீட்டுப் பழந்துணியில்தான். அத்தை கட்டிய சின்னாளப்பட்டிச் சுங்குடிகள், வீட்டுக்காரரின் வேட்டிகள், பேத்திக்குச் சின்னதாகிப்போன கவுன்கள். எனவே நான் சொல்லும் நல்லது கெட்டது எல்லாம் நைந்த, மெல்லிய, ஒன்றுக்கொன்று கனம் மாறுகிற துணியை வைத்துச் சொல்வது. கடையில் ஒரே ரகமாகப் புதுத்துணி வாங்கித் தைப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

மிஷினில் தொடங்குகிறேன். என்னுடையது கல்யாணச் சீராக வந்த கால் மிஷின். நேர்த்தையல் மட்டும் போடும். நம்மூர்க் கறுப்பு மிஷின்கள் பெரும்பாலும் சிங்கர் 15 என்ற பழைய மாடலின் வழியில் வந்தவை. அதனால் பாபின், பாபின் கேஸ், ஊசி எல்லாம் எந்தத் தையல் சாமான் கடையிலும் கிடைக்கும். துண்டு இணைப்பதற்கு நேர்த்தையலுக்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை. ஊசி இறங்குகிற ஓட்டை சின்ன வட்டமாக இருப்பதால், நைந்த சேலைத் துணியை ஊசி தன்னோடு கீழே இழுத்துக்கொண்டு போவதும் இல்லை. ஜிக்ஜாக் மிஷினின் அகலமான ஓட்டையில் அந்தத் தொல்லை உண்டு.

ஓய்வுப் பணம் வந்த கையோடு ஒரு கம்ப்யூட்டர் மிஷினும் வாங்கினேன். பெயர் வேண்டாம். ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கும் கம்பி ஒன்று அதில் இருக்கிறது. அறுபதைத் தாண்டிய கண்ணுக்கு அது பெரிய உபகாரம். டிசைன் தையல்கள் ஏராளம், அவற்றில் மூன்று நாலுக்கு மேல் நான் தொட்டதில்லை. சிக்கல் எங்கே என்றால், அது மேஜை மேல் உயரமாக உட்கார்ந்திருக்கிறது. கட்டில் அளவுப் போர்வையைத் தைக்கும்போது துணியின் பாரமெல்லாம் விளிம்பிலிருந்து கீழே தொங்கி ஊசியை இழுக்கிறது. கால் மிஷினில் தையல் தட்டும் மேஜையும் ஒரே மட்டம். போர்வை அதன் மேல் சும்மா கிடக்கும், நாம் நகர்த்தினால் போதும். இதைக் கடையில் நின்று பார்க்கும்போது யாரும் யோசிப்பதில்லை. வோல்ட்டேஜ் ஏறி இறங்கியதில் உள்ளே இருந்த போர்டு ஒரு தடவை போயிற்று. ஸ்டெபிலைசர் வைத்த பிறகு தொந்தரவில்லை. இப்போது அது நூல் கோக்க முடியாத ராத்திரிகளுக்கும், ஓரம் பிசிறாமல் ஜிக்ஜாக் அடிக்கவும்.

கால் மிஷினுக்கும் குறை இல்லாமல் இல்லை. தோல் பெல்ட் தளர்ந்துகொண்டே இருக்கும், கொஞ்சம் வெட்டி மறுபடி கம்பி போட வேண்டும். மழை நாளில் ஓரிரு வாரம் ஓட்டாமல் விட்டால் இறுகும். முழங்கால் வலி இருப்பவர்கள் மோட்டார் வைத்துக்கொள்வது உத்தமம். பூவும் கொடியுமாக இஷ்டப்படி வளைத்துத் தைப்பதற்குத் துணியை நாமே கையால் நகர்த்த வேண்டும். கால் ஒரு தாளம், கை ஒரு தாளம். எனக்குக் கடைசிவரை கைவரவில்லை, நேர்கோட்டிலேயே நின்றுவிட்டேன்.

இனி வாக்கிங் ஃபுட். குவில்ட் என்றால் மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சோ துணியோ, அடியில் ஒரு விரிப்பு என மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பது. சாதாரண மிஷினில் அடியில் இருக்கும் பல் கீழ் அடுக்கை மட்டும் முன்னே தள்ளும். மேல் அடுக்கு பின்தங்கும். ஒரு முழம் தைப்பதற்குள் மேல்துணி சுருங்கி மடிப்பு விழுந்துவிடும். வாக்கிங் ஃபுட்டுக்கு மேலேயும் பல் உண்டு. அதன் கை ஒன்று ஊசிக் கம்பியின் திருகு மேல் உட்கார்ந்து, ஊசி ஏறி இறங்குவதைக் கொண்டே அந்தப் பல்லை நடத்துகிறது. மேலும் கீழும் ஒரே வேகத்தில் நகரும். விலை குறைந்த பொது ரகமே என் கறுப்பு மிஷினில் பொருந்திவிட்டது. சத்தம் போடும், பின்தையலுக்கு ஆகாது, தையலை நீளமாக வைத்து மெதுவாக ஓட்ட வேண்டும். பல வருஷமாக உழைக்கிறது. இருக்கிற சாமானில் எதையாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் இதைத்தான் எடுப்பேன்.

ரோட்டரி கட்டர் என்கிற சக்கரக் கத்தியை ஜப்பானின் ஓல்ஃபா கம்பெனி 1979இல் கொண்டுவந்தது. அதற்கு முன் ஒவ்வொரு துண்டாக வரைந்து கத்தரியால் வெட்டியதுதான் எங்கும் வழக்கம். 45 மில்லிமீட்டர் அளவு எல்லா வேலைக்கும் சரி. ஆனால் வெட்டும்போது துணிக்கு அடியில் போடவென்று விற்கும் பச்சைப் பாய் கரூர் வெயிலுக்கு வந்ததல்ல. ஜன்னலோரம் நிறுத்தினாலும் அதன் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தாலும் பாய் வளைந்துவிடும், வளைந்தது திரும்பாது. கட்டில் மெத்தைக்கு அடியில் படுக்க வைத்துப் பழகிக்கொண்டோம். பிளேடு குண்டூசி மேல் ஒருமுறை ஏறினாலே போச்சு, அதன் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ஓரிழை வெட்டாமல் விடும்.

எங்கள் வீட்டில் கட்டர் வீட்டுக்காரரின் கையில். ஓய்வு பெற்ற கையோடு பேப்பரை இரண்டு தடவை படித்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் ஸ்கேலை எடுத்து வைத்து, "இதையெல்லாம் நீ ஏன் கண்ணளவுல வெட்டுற?" என்று உட்கார்ந்தார். சர்வே துறையில் இருந்தவர், அரைக்கால் அங்குலம் பிசகினாலும் பொறுக்க மாட்டார். துண்டு இணைக்கும்போது விடும் கால் அங்குல ஓரத்துக்கு வரைபடத் தாளை ஊசிக்கடியில் வைத்து, கோட்டில் ஊசி இறங்குகிறதா என்று பார்த்து, மிஷின் தட்டில் டேப் ஒட்டிக் கொடுத்ததும் அவர்தான். தனித்தனியாக இருந்திருந்தால் எங்களுக்கு இத்தனை பேச்சு வந்திருக்காது. சண்டையும்தான்.

நைந்த சேலையை வெட்டுவதற்கு முன் கஞ்சி போடுங்கள். இதற்குக் கடை ஸ்பிரே தேவையே இல்லை. சோற்றுக் கஞ்சியை வடிகட்டி நனைத்து, பாதி ஈரத்தில் இஸ்திரி போட்டால் துணி காகிதம் மாதிரி நிற்கும், கட்டருக்கு நழுவாது. தைத்து முடிந்ததும் ஒரு தண்ணீரில் அலசிவிடுங்கள். கஞ்சியோடு அலமாரியில் வைத்தால் பூச்சி வரும்.

நடு அடுக்கு விஷயத்தில்தான் வெளிநாட்டு வழிமுறைகள் நமக்கு உதவுவதே இல்லை. மகள் அமெரிக்காவில் நாஷ்வில்லில் இருக்கிறாள். அவள் பிரசவத்துக்குப் போனபோது அங்கே தாள் தாளாகக் கிடைக்கும் பருத்திப் பஞ்சு விரிப்பை நடுவில் வைத்துத் தைத்தேன். எத்தனை அங்குலத்துக்கு ஒரு தையல் ஓட்ட வேண்டும் என்று உறையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அந்தக் குளிருக்கு அருமை. (ஒரு வயதுக்குள் குழந்தை தூங்குகிற தொட்டிலில் குவில்ட் எதுவும் போடக்கூடாது என்பது அங்கே மருத்துவர்கள் கண்டிப்பாகச் சொல்வது. மகளும் விடவில்லை. ஆக அது தரையில் குப்புறப் போட்டு விளையாடும் விரிப்பாயிற்று, இப்போது பேத்தி, "அம்முச்சி போர்வை" என்று இழுத்துக்கொண்டு திரிகிறாள்.) அதே பஞ்சு விரிப்பை ஊருக்கும் வாங்கி வந்து ஒன்று தைத்தேன். மார்கழி தவிர யாரும் போர்த்திக்கொள்ளவில்லை. பாலியெஸ்டர் பஞ்சு இன்னும் மோசம், வியர்த்துக் கொட்டும். உதிரிப் பஞ்சு என்றால் நெருக்கித் தைக்காவிட்டால் ஒரு மூலையில் போய்த் திரண்டுகொள்ளும். கரூருக்குச் சரியான நடு அடுக்கு பழைய வேட்டிதான். வங்காளத்துக் காந்தாவும் பிகாரின் சுஜனியும் காலம்காலமாகப் பழந்துணியை அடுக்கித் தைத்து வந்தவைதானே.

நாஷ்வில்லில் இருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் காரில் போனால் கென்டக்கி மாநிலத்தின் பதூக்கா. ஒஹையோவும் டென்னசியும் கலக்கிற ஆற்றங்கரைச் சிற்றூர். 1991இல் திறந்த தேசிய குவில்ட் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. 2013இல் யுனெஸ்கோ அந்த ஊரைக் கைவினைக்கான படைப்பு நகரங்களில் சேர்த்தது. போட்டியில் பரிசு வாங்கிய குவில்ட்களைக் கிட்டப் போய்ப் பார்த்தால் மூச்சு நின்றுவிடும். தையல் மணல் மாதிரி. உண்மையைச் சொன்னால், பார்த்துவிட்டு எனக்குக் கை ஓடவில்லை. ஊருக்குத் திரும்பியும் சில வாரம் மிஷினைத் தொடத் தோன்றவில்லை.

அட்லாண்டாவின் ஹை மியூசியத்தில் பார்த்தவை வேறு மாதிரி. அலபாமா மாநிலத்தில் ஆறு வளைந்து ஓடும் இடத்தில் கீஸ் பெண்ட் என்று ஒரு கறுப்பினக் கிராமம். அந்தப் பெண்கள் வயல்வேலைக்குப் போட்டுக் கிழிந்த சட்டையும் ஜீன்ஸுமாகக் குளிருக்குத் தைத்தவை இன்று பெரிய அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. 2006இல் அமெரிக்கா அவற்றைத் தபால்தலையாகவும் வெளியிட்டது. கோடு நேராக இருக்காது, ஓரம் ஒரு பக்கம் சாயும், முழங்கால் பட்ட இடம் மட்டும் நிறம் மாறித் தெரியும். மிசூரி பெட்வே என்ற அம்மாள் 1942இல், இறந்துபோன கணவரின் வேலைத்துணியைப் பிரித்துத் தைத்த ஒன்று உண்டு. அந்தக் கதையை மகள் ஆங்கிலத்தில் படித்துக் காட்டினாள். எங்கப்பா பஸ் டிரைவர். அவருடைய காக்கி உடுப்புகள் தம்பி வீட்டுப் பரணில் இருந்தன. வந்ததும் அதைத்தான் எடுத்தேன். காக்கிக்கு 14 நம்பர் ஊசி வளைந்துவிடுகிறது, 16 போட வேண்டும். நாலு மடிப்பு சேரும் இடத்தில் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையாலேயே சுற்ற வேண்டும். பாக்கெட் இருந்த இடம் வெளுக்காமல் கரும்பச்சையாக நின்றது. அதை நடுவில் வைத்தேன். தம்பி அதைப் போர்த்துவதில்லை, மடித்துச் சோபாவின் மேல் போட்டிருக்கிறான்.

இத்தனை தூரம் போய்விட்டு, நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தைப் பார்க்காமல் இருப்பதா என்று நாங்கள் இருவரும் ஹூப்ளிக்கு ரயிலேறி அங்கிருந்து எல்லாபூர் போனோம். உத்தர கன்னடக் காட்டோரம் சித்தி என்ற இனத்து மக்கள் வாழ்கிறார்கள்; ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுப்போர்வைக்குக் கட்டரும் கிடையாது, பாயும் கிடையாது. அடியில் ஒரு பழைய சேலையை விரித்து, மூலையில் ஆரம்பித்து, துண்டின் ஓரத்தை விரலாலேயே மடித்து மடித்து ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டு ஓரமாகச் சுற்றி நடுவுக்கு வந்து முடிக்கிறார்கள். இணைப்பதும் மூன்று அடுக்கைச் சேர்ப்பதும் ஒரே தையலில் முடிந்துவிடுகிறது. கடைசியில் நாலு மூலையிலும் மடித்த துணியில் முக்கோணப் பூ. அது இல்லாவிட்டால் போர்வை அம்மணமாக நிற்கிறது என்பார்களாம். வீட்டுக்காரர் ஸ்கேல் இல்லாமல் இவ்வளவு சதுரம் எப்படி என்று சுற்றிச் சுற்றி வந்தார். அங்கே போய் வந்த பிறகு எனக்கு மிஷின் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. வாங்கிய சாமானில் தட்டையான சேஃப்டி பின் டப்பா, பசை ஸ்பிரே, காந்த வழிகாட்டி எல்லாம் மூலைக்குப் போனதும் அதற்குப் பிறகுதான்.

பயணத்துக்கு நான் எடுத்துப்போவது அறுகோணத் துண்டுகள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை ஒரே அளவில் வெட்டி, துணியை அதன் மேல் மடித்து இழையோட்டி, ஓரத்தோடு ஓரம் கையால் இணைப்பது. ஒரு டிபன் டப்பாவில் அடங்கிவிடும். ரயிலில் மடியில் வைத்துத் தைக்க ஆரம்பித்தால் எதிர் சீட்டு அம்மாள் தானாகப் பேச்சுக்கு வருவார். விமானம் என்றால் கத்தரி, கட்டர் எல்லாம் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள். நூலைப் பல்லால் கடிப்பதற்கு யாரும் தடை சொல்வதில்லை.

ஒற்றைக் கட்டிலுக்கு 60க்கு 90 அங்குலம் போதும். மேல் அடுக்குக்கு இரண்டு சேலை வைத்துக்கொள்ளுங்கள். முந்தானையும், கொசுவம் வந்து நைந்த இடமும் கழிந்துவிடும். அடிக்கு ஒரு சேலையை 90 அங்குலமாக இரண்டு வெட்டிப் பக்கவாட்டில் சேர்க்கலாம், அகலம் மிஞ்சவே செய்யும். சுங்குடியாக இருந்தால் முதலில் ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிட்டு எடுங்கள், சிவப்பும் நீலமும் சாயம் விடும். நடுவுக்கு எட்டு முழ வேட்டி ஒன்று. பாதியாக வெட்டி இரண்டையும் நீளப் பக்கத்தோடு நீளப் பக்கமாகச் சேர்த்தால் ஓரத்துக்கு மிச்சம் வைத்தே அளவு சரியாக வரும். கரையை மட்டும் முன்கூட்டியே கிழித்தெடுத்துவிடுங்கள். சேர்க்கிற இடத்தில் கரை வந்தால் ஊசி தடுக்கும், மேல்துணி மெல்லியதாக இருந்தால் கோடாகவும் தெரியும்.