கோபி கல்யாணமும் இணையப் பரிசுப் பட்டியலும்

அண்ணன் மகள் கல்யாணத்துக்காகச் சிங்கப்பூரிலிருந்து கோபிசெட்டிபாளையம் போயிருந்தேன். பத்திரிகையோடு வாட்ஸ்அப்பில் ஓர் இணைப்பும் வந்தது. மணமக்கள் தங்களுக்கு வேண்டிய பொருள்களைத் தேர்ந்து வைத்திருக்கும் பரிசுப் பட்டியல் அது. வெளிநாட்டிலிருந்து ஊர்க் கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

பட்டியலைத் திறந்து, நமக்கு இயன்ற பொருளுக்குப் பணம் கட்டினால் அது 'எடுத்தாயிற்று' என்று மாறிவிடும். அடுத்தவர் அதையே வாங்க முடியாது. பரணில் அடுக்கிக் கிடக்கும் ஒரே மாதிரிக் குக்கர்களையும் சுவர்க் கடிகாரங்களையும் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். விலை கூடியதைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். கோவை வெட் கிரைண்டரை நானும் அத்தை மகன்களும் சேர்ந்து எடுத்தோம். பவானி ஜமக்காளம் அந்தத் தளத்தின் கடைகளில் இல்லை. புவிசார் குறியீடு பெற்ற பொருள், பக்கத்திலேயே நெய்கிறார்கள், அதற்கு அங்கே இடமில்லை என்பது எனக்கு வருத்தமாக இருந்தது. பெண் அதைத் தானே விலை போட்டு, பணமாகப் பெற்றுக்கொள்ளும்படி சேர்த்திருந்தாள். நான் பார்ப்பதற்குள் யாரோ எடுத்துவிட்டார்கள்!

பணம் கட்டுவதில்தான் சிக்கல். என் சிங்கப்பூர் வங்கி அட்டையைத் தளம் ஏற்கவில்லை. தொலைபேசியில் கேட்டபோதுதான் வெளிநாட்டு அட்டைகளுக்கு வசதியில்லை என்றார்கள். அதை முகப்பிலேயே எழுதியிருக்க வேண்டும். தூரத்து உறவினர்களை நினைத்துத்தானே குடும்பங்கள் இந்தச் சேவையை நாடுகின்றன? வெளிநாடுவாழ் இந்தியர்கள் இந்திய வங்கியில் வைத்துக்கொள்ளும் என்ஆர்இ கணக்கிலிருந்து யுபிஐ வழியாகக் கட்டினேன். 2023 முதல் சிங்கப்பூர் உள்ளிட்ட சில நாடுகளின் கைபேசி எண்களிலேயே என்ஆர்இ, அதைப் போன்ற என்ஆர்ஓ கணக்குகளுக்கு யுபிஐ வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. உங்கள் வங்கி அதைத் தருகிறதா என்று புறப்படும் முன்பே கேட்டு வையுங்கள்.

என் பெரிய குறை வேறு. படிவம் பெயரையும் மின்னஞ்சலையும் மட்டுமே கேட்கிறது. எங்கள் பக்கம் ஊர்ப்பெயர் இல்லாமல் மொய் எழுதுவதில்லை. ஒரு சுற்று வட்டாரத்தில் எத்தனை பழனிச்சாமி, எத்தனை சுப்பிரமணியம்! நாளை கொடுத்தவர் வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது அந்த நோட்டைப் புரட்டித்தான் என்ன செய்வது என்று முடிவெடுக்கிறோம். ஆகவே வாழ்த்து எழுதும் கட்டத்தில் எங்கள் அப்பாரு (தாத்தா) பெயரையும் ஊரையும் எழுதி அனுப்பினேன்.

அண்ணன் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். இணையத்தில் வந்தவற்றை அச்செடுத்து, மண்டபத்தில் மொய் எழுதுபவரிடம் கொடுத்திருந்தார். அவர் ஒவ்வொன்றாக நோட்டில் ஏற்றினார். பெங்களூர் நண்பர்களின் பெயர்கள் வந்தபோது மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிட்டு, யார், எந்த ஊர் என்று பொறுமையாகக் கேட்டு எழுதினார். அந்தப் பொறுமையை நான் மதிக்கிறேன். ஆனால் இது சேவை நடத்துகிறவர்கள் செய்ய வேண்டிய வேலை. ஊருக்கு ஒரு கட்டம், தமிழில் ஓர் அச்சுப்பிரதி, இவ்வளவுதான் கேட்கிறேன். தளம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்ததால் பெரியவர்கள் யாரும் அதன் பக்கம் போகவில்லை. அத்தை வழக்கம்போல் 1,001 ரூபாயைக் கவரில் வைத்து மேசையில் கொடுத்தார். தாய்மாமன் சீரும், மாப்பிள்ளையின் சகோதரி பங்கேற்கும் இணைச்சீரும் பட்டியலுக்கு வெளியே முறைப்படி நடந்தன.

கிரைண்டர் மண்டபத்துக்கு வரவில்லை. பெண் குறித்துக் கொடுத்த தேதியில், திருப்பூரில் அவர்கள் குடியேறிய வீட்டுக்கே வந்தது. சுமந்து செல்லும் பாடு இல்லை.

பரிசைப் பணமாக மாற்றிக்கொள்பவர்கள் மணமக்கள் பெயரிலுள்ள கணக்கையே கொடுக்க வேண்டும். கல்யாணத்தை ஒட்டி மணமக்களுக்கு வரும் அன்பளிப்புக்கு வருமான வரி கிடையாது. உறவினர் அல்லாதவர்களின் பணம் பெற்றோர் கணக்கில் விழுந்து, ஓர் ஆண்டில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் வரி உண்டு. பட்டியல் தொடங்கும்போதே இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.