தோட்டத்துப் பிள்ளையின் கல்லூரிச் செலவு: கடனா, உதவிநிதியா, சேமநிதியா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றில் தாயும் தந்தையும் குறைந்தபட்சச் சம்பளத்தில் வேலை செய்யும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 2025 பிப்ரவரி முதல் அச்சம்பளம் 1,700 ரிங்கிட். இருவருக்குமாக மாதம் 3,400. ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம் அல்லது ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம் முடித்த பிள்ளைக்கு, அரசு உயர்கல்விக்கூடங்களுக்கான மாணவர் சேர்க்கை முறையான யு.பி.யு வழியாக இடம் கிடைத்ததும் பணத்துக்கான வழிகளை ஒப்பிடும் பெற்றோர் பெரும்பாலும் தொகையை மட்டுமே பார்க்கின்றனர். அப்பணம் எப்போது கைக்கு வரும், பின்னாளில் எதைத் திருப்பிக் கேட்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வரிசை மாறிவிடும்.

பலரும் முதலில் நினைப்பது 1997-இல் தொடங்கப்பட்ட அரசின் உயர்கல்விக் கடன் நிதியான பி.டி.பி.டி.என் தரும் கடன்தான். குடியுரிமையும், அங்கீகாரம் பெற்ற படிப்பில் இடமும், எஸ்.எஸ்.பி.என் சேமிப்புக் கணக்கும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். கடும் மதிப்பெண் போட்டி இல்லை. ஆண்டுக்கு ஒரு விழுக்காடு சேவைக் கட்டணம் என்பதும் தாங்கக்கூடியதே. முதல் வகுப்புச் சிறப்புத் தேர்ச்சி பெறுவோர் விதிகளுக்கு உட்பட்டுத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கோரலாம். இதன் குறை காலத்தில் இருக்கிறது. பதிவு முடிந்து, ஒப்பந்தம் கையெழுத்தாகி, பல்கலைக்கழகம் உறுதிப்படுத்திய பிறகே கடன் வந்து சேரும். பதிவுக் கட்டணம், விடுதிப் பணம், பேருந்துச் செலவு ஆகியவையோ முதல் நாளிலேயே கையை நீட்டும். பொதுப் பல்கலைக்கழகங்களில் சேரும் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 1,500 ரிங்கிட் வரை முன்பணம் தரும் ஏற்பாட்டைக் கேட்டுப் பெறாமல் விடுவதுதான் இக்கடனில் நம்மவர் இழக்கும் முதல் தொகை.

பொதுச் சேவைத் துறையின், அதாவது ஜே.பி.ஏ-வின், நிதியுதவி இதற்கு நேர் எதிர். தேர்வில் மிகச் சிறந்தவர்களுக்கே அது கிடைக்கிறது. படிப்பு முடிந்து அரசுப் பணியில் சேர்ந்து குறித்த காலம் பணியாற்றினால் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. மதிப்பில் மற்ற எல்லாவற்றையும் விட உயர்ந்தது இதுவே. ஆயினும் முடிவு தெரியட்டும் என்று காத்திருந்து கடனுக்கான விண்ணப்பக் காலத்தைத் தவறவிடுவது ஆபத்து. முழு உதவி பெறுபவர் பி.டி.பி.டி.என் கடனையும் சேர்த்துப் பெற முடியாது என்பது உண்மை; அதற்காக இரண்டுக்கும் விண்ணப்பிக்கக் கூடாது என்று பொருளில்லை.

தொகையில் சிறியவையும் திருப்பித் தர வேண்டாதவையும் ஆன உதவிகளை நம் குடும்பங்கள் குறைத்தே மதிப்பிடுகின்றன. தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி ஊக்கநிதி வழங்குகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்தவரும் இந்தியர் கட்சியான ம.இ.கா.வின் தலைவராக இருந்தவருமான துன் வீ.தி. சம்பந்தன் தொழிலாளர்களின் சிறுசேமிப்பைத் திரட்டி 1960-இல் நிறுவிய சங்கம் அது. பாட்டன் வாங்கிய பங்கு யார் பெயரில் இருக்கிறது என்று வீட்டில் விசாரிப்பது வீண் வேலையாகாது. இந்தியர் மேம்பாட்டுக்கான அரசுப் பிரிவாக 2018-இல் உருவான மித்ராவும் மாநில அரசும் அளிக்கும் உதவிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், சென்ற ஆண்டு அண்டை வீட்டுக்குக் கிடைத்ததை வைத்துக் கணக்குப் போடாமல் நடப்பாண்டு அறிவிப்பையே பார்க்க வேண்டும். 1984-இல் ம.இ.கா. தொடங்கிய கல்வி அமைப்பான எம்.ஐ.இ.டி. தருவதோ இவற்றைப் போன்றதன்று; அது திருப்பித் தர வேண்டிய கல்விக் கடன்.

தந்தையின் ஊழியர் சேமநிதிதான், அதாவது ஓய்வுக்காலத்துக்கென மாதந்தோறும் சம்பளத்தில் பிடிக்கப்படும் சேமிப்புதான், இவற்றில் எளிதாகத் தோன்றுவது. நான் கடைசியில் வைப்பதும் அதையே. 2024 மே மாதம் முதல் சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக் கணக்குக்கும், 15 விழுக்காடு செஜாத்ரா கணக்குக்கும், 10 விழுக்காடு ஃபிலெக்சிபல் கணக்குக்கும் செல்கின்றன. பிள்ளையின் உயர்கல்விக்காக எடுக்கக்கூடியது செஜாத்ராவிலிருந்து. 1,700 ரிங்கிட் சம்பளத்தில் தொழிலாளியின் 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்ந்து மாதம் ஏறத்தாழ 408 ரிங்கிட் ஆகும். அதில் செஜாத்ராவுக்குப் போவது சுமார் 61 ரிங்கிட். ஈவைச் சேர்க்காமல் பார்த்தால், 3,000 ரிங்கிட் எடுப்பது நான்காண்டுச் சேமிப்பை ஒரே நாளில் எடுப்பதாகும். ஒரு விழுக்காட்டுக் கடன் கிடைக்கும்போது, அதைவிட அதிக ஈவு ஈட்டும் பணத்தைக் கலைப்பது கணக்குக்கு ஒத்துவராது. பதிவு நாள் இடைவெளியை வேறெதுவும் நிரப்பாதபோது மட்டும், தேவையான அளவுக்கு அதைத் தொடலாம்.

ஈப்போவில் 1969-இல் தொடங்கிய உங்கு ஓமார் பொலிதெக்னிக் போன்ற இடத்தில் டிப்ளோமா படிப்பவருக்கு இந்த ஒப்பீடே இலகுவாகிவிடுகிறது. அங்கே கட்டணம் சிறியது என்பதால், ஊக்கநிதியும் சிறிய அளவிலான கடனுமே போதுமானவையாக இருக்கும். முழுக் கடனுக்கும் ஒப்புக்கொள்ளக் கட்டாயமில்லை.

எந்த வழியில் சென்றாலும் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சம்பளச் சீட்டு ஆகியவற்றில் பெற்றோர் பெயர் ஒன்றுபோல இருக்க வேண்டும். தோட்டத்து ஆவணங்களில் ஒரே பெயர் மூன்று எழுத்துக்கூட்டலில் இருப்பது புதிதன்று. பெற்றோரில் ஒருவருக்கு, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டை இருக்கும் வீடுகளில் பிள்ளையின் குடியுரிமைச் சான்றையும் முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும். தேசியப் பதிவுத் துறையில் இவற்றைத் திருத்த நாளாகும் என்பதால், தேர்வு முடிவு வருவதற்கு முன்பே அங்கு போய்வருவது நல்லது.