படலைக்கு எப்ப வரும்? ஒரு பலசரக்குச் செயலியின் பூட்டுத்திரைப் பட்டை

கிளிநொச்சி நகரிலிருந்து சுற்றுவட்டார ஊர்களுக்குப் பலசரக்குக் கொண்டுவந்து தரும் செயலி ஒன்றைக் கொஞ்சக் காலமாகப் பாவிக்கிறேன். பெயர் போடவில்லை, இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு விளங்கும். சாமானைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரிசி, பருப்பு, சீனி, பால்மா எல்லாம் ஒழுங்காக வரும். மரக்கறி பரவாயில்லை. மீனை மட்டும் சந்தையில் கண்ணால் பார்த்து வாங்குங்கள். விலை கடையை விடக் கொஞ்சம் கூடத்தான், ஆனால் வெயிலில் பஸ்ஸுக்கு நின்று போய்வரும் அலைச்சலை நினைத்தால் கட்டுப்படியாகும்.

நான் எழுத வந்தது வேறு விஷயம். ஓடர் போட்ட பிறகு, போனைத் திறக்காமலே, பூட்டிய திரையில் சாமான் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் ஒரு பட்டை வருகிறதே, அதைப் பற்றி. என்னுடைய அன்ட்ரொயிட் போனில் தினமும் பார்க்கிறேன். கனடாவில் இருக்கும் தம்பி அம்மாவுக்குச் சாமான் போடும்போது அவனுடைய ஐபோனில் அது எப்படி வருகிறது என்று ஸ்கிரீன்ஷொட் அனுப்புவான். அவன் கதை பெரிய கதை, கடைசியில் வருகிறேன்.

நான் தையல்காரி. தர்மபுரத்தில் வீட்டு விறாந்தையில்தான் மெஷின். சட்டைக்குக் கை பொருத்திக்கொண்டிருக்கும்போது இரண்டு கையும் துணியில், காலும் மிதியில் இருக்கும். போன் நூல்பெட்டியில் சாய்ந்து நிற்கும். அதைத் தொட்டுத் திறந்து, செயலிக்குள் போய், "என் ஓடர்கள்" என்ற இடத்தைத் தேடி அழுத்துவதற்குள் தையல் கோணிவிடும். ஆகவே எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: தலை நிமிர்த்தி ஒரு தடவை பார்த்தால், இந்தக் கையை முடித்துவிட்டு எழும்பலாமா, இப்பவே எழும்ப வேண்டுமா என்று தெரிய வேண்டும். இதற்கு மேல் அந்தப் பட்டை எதைச் சொன்னாலும் எனக்கு அது அலங்காரம்.

இப்போதைய பட்டை எப்படி இருக்கிறதென்றால், ஒரு செம்மஞ்சள் கோடு, அதில் நாலு புள்ளி. ஓடர் கிடைத்தது, சாமான் எடுக்கிறார்கள், புறப்பட்டாச்சு, வந்தாச்சு. முடிந்த புள்ளிக்குள் சரி அடையாளம் விழும். நடக்கிற புள்ளி மட்டும் பெரிதாக இருக்கும். நிறத்தை மட்டும் நம்பாமல் அடையாளமும் அளவும் சேர்த்து வைத்தது நல்ல வேலை. மத்தியான வெயில் விறாந்தைக்குள் அடிக்கும்போது திரையில் நிறம் எதுவும் தெரியாது, பெரிய புள்ளி எங்கே என்பது மட்டும் தெரியும். கீழே ஒரு வரியில் "11.00 – 11.30" என்று வரும் நேரம். அதற்கும் கீழே சின்ன எழுத்தில் "கடைசித் தகவல் 10.52, பரந்தன் சந்தி". என் கணக்கில் இந்தச் செயலி சம்பாதித்த மதிப்பெண் முழுக்க அந்தச் சின்ன எழுத்து வரியில்தான்.

முந்தைய பதிப்பில் அந்த வரி இல்லை. அதற்குப் பதிலாக நிமிடக்கணக்கு ஒன்று ஓடும்: 12 நிமிடம், 11, 10 என்று. பார்க்க உயிரோடு இருக்கிற மாதிரித்தான் தெரியும். ஆனால் பூச்சியத்துக்கு வந்த பிறகும் படலையில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஒருநாள் சாமான் கொண்டுவரும் பெடியன் சில்லு காத்துப்போய் வழியில் முரசுமோட்டையில் நின்றிருக்கிறான், என் திரையில் அவன் வாசலுக்கு வந்துவிட்டான். வெயிலில் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

இது எப்படி என்று அக்காவின் மகளிடம் கேட்டேன். அவள் அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தில் கணினி படிக்கிறாள். "சித்தி, அந்த எண்ணை அனுப்புறது கொம்பனி இல்லை. முடியிற நேரத்தை ஒருக்கா குடுத்தால், போன் தன்ரபாட்டில எண்ணிக்கொண்டு போகும்" என்றாள். அதாவது கடையிலிருந்தோ பெடியனிடமிருந்தோ ஒரு செய்தியும் வராவிட்டாலும் கணக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். நகரத்தில் இது பெரிய குறையாகத் தெரியாது. இங்கே பிரதான வீதியை விட்டு உள்ளே திரும்பினால் சிக்னல் ஒரு கோடு, சில இடத்தில் அதுவும் இல்லை. நின்றுபோன மணிக்கூடாவது நிற்கிறது என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். இது ஓடிக்கொண்டே பொய் சொல்கிற மணிக்கூடு.

அவளிடமிருந்து தெரிந்துகொண்டது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஐபோனில் இந்தப் பட்டைக்கு "லைவ் அக்டிவிட்டி" என்று பெயர், 2022 ஒக்டோபரில் ஐஓஎஸ் 16.1 உடன் வந்தது. அன்ட்ரொயிட்டில் இதற்கென்றே புள்ளியும் கோடுமாக ஒரு அறிவித்தல் வடிவம் 2025 ஜூனில் வந்த அன்ட்ரொயிட் 16 இல்தான் கிடைத்தது. என் போன் அதற்கு முந்தியது, எனவே எனக்கு வருவது பழைய மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும் அறிவித்தல், உள்ளே கோட்டைப் படமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். ஐபோன் பட்டை தானாக இணையத்துக்குப் போய் எதையும் எடுத்துவர முடியாதாம். செயலியோ நிறுவனத்தின் சேர்வரோதான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், அப்படித் தள்ளும் ஒவ்வொரு செய்தியும் 4 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். அப்புறம் முக்கியமானது: "இந்த நேரத்துக்குப் பிறகு இது பழைய செய்தி" என்று ஒவ்வொரு செய்தியிலும் குறித்து அனுப்ப ஆப்பிளே இடம் வைத்திருக்கிறது. அதைப் பாவிப்பதும் விடுவதும் செயலி செய்கிறவர்கள் கையில். இவர்கள் இப்போது பாவிக்கிறார்கள். செய்தி பழசானால், என் போனிலும்தான், பட்டை முழுக்கச் சாம்பல் நிறமாகி, கடைசித் தகவல் வரி மட்டும் தடித்த எழுத்தாக மாறுகிறது. அப்படி மாறினால் நான் ஆறுதலாக இன்னொரு கை தைக்கலாம், அல்லது போன் அடித்துக் கேட்கலாம். எனக்கு அது போதும்.

வரைபடம் பட்டையில் இல்லை என்று சிலர் குறைப்படுகிறார்கள். எனக்கு இல்லாததில் சந்தோஷம். செயலியைத் திறந்தால் உள்ளே வரைபடம் இருக்கிறது, பார்த்திருக்கிறேன். எங்கள் ஒழுங்கை அதில் இல்லை. மோட்டார் சைக்கிள் படம் வீதியை விட்டு வயலுக்குள்ளால் நேரே வீட்டுப் பின்வேலிக்கு வரும். இந்தப் பக்கத்தில் யாரும் வரைபடத்தில் வழி சொல்வதில்லை. வாசிகசாலையடி, பள்ளிக்கூடத்தடி, வாய்க்கால் பாலத்தடி என்றுதான் சொல்வோம். பரந்தன் சந்தி தாண்டியாச்சு என்றால் ஏ9 வீதியை விட்டு ஏ35 வீதியில் கிழக்கே திரும்பிவிட்டான், தர்மபுரம் வர எவ்வளவு நேரம் என்று பஸ்ஸில் போய்வருகிற எனக்குத் தெரியும். அந்தக் கணக்கை எந்தச் செயலியும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கே கண்டது, எத்தனை மணிக்குக் கண்டது, இந்த இரண்டையும் தந்தால் மிச்சத்தை நானே போட்டுக்கொள்வேன்.

தமிழில் வைத்துப் பாவிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நிலை வரி நீளமாக வந்தால் இடம் போதாமல் கடைசியை வெட்டிவிடுகிறது. "உங்கள் சாமான்கள் கடையிலிருந்து…" என்று நின்றால் புறப்பட்டதா புறப்படவில்லையா? எங்கள் வசனத்தில் சங்கதி கடைசியில்தான் இருக்கிறது, அதைத்தான் வெட்டுகிறார்கள். "புறப்பட்டாச்சு" என்று ஒற்றைச் சொல்லில் இருக்கும் நிலைகள் தப்பிவிடுகின்றன. நீளமாக இருப்பவை எல்லாம் ஆங்கிலத்திலிருந்து அப்படியே தூக்கிவந்தவை என்று பார்த்தவுடனே தெரிகிறது. எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் அம்மாவின் போனில் இகர, உகரக் குறிகளின் நுனியும் போய்விடுகிறது.

சாமான் இல்லாமல் போகும் விஷயத்தில் இவர்கள் இன்னும் திருந்தவில்லை. சமைத்த சாப்பாடு ஓடர் போடுவதற்கும் பலசரக்குக்கும் உள்ள வித்தியாசமே இதுதான். சாப்பாடு என்றால் சமைத்து முடித்தால் வரும். பலசரக்கில் எடுக்கிற பிள்ளை தட்டுக்கு முன்னால் நின்று "400 கிராம் பால்மா இல்லை, 1 கிலோ போடட்டா?" என்று கேட்பாள். அந்தக் கேள்வி செயலிக்குள் மட்டும்தான் வருகிறது. பட்டையில் இரண்டாவது புள்ளி பெரிதாக, நிம்மதியாக, "சாமான் எடுக்கிறார்கள்" என்று நிற்கும். பதில் வரவில்லை என்று அவர்களே தீர்மானித்து ஒரு கிலோவைப் போட்டு அனுப்புவார்கள், வாசலில் காசு எண்ணும்போதுதான் எனக்குத் தெரியும். மொத்தப் பயணத்திலும் நான் உடனே ஏதாவது செய்ய வேண்டிய ஒரே இடம் அது. அங்கேதான் பட்டை வாய் மூடிக்கொண்டிருக்கிறது. பொத்தான் வைக்க வழி இல்லை என்றும் சொல்ல முடியாது. அன்ட்ரொயிட் அறிவித்தலில் பொத்தான் எத்தனையோ காலமாக இருக்கிறது, ஐபோன் பட்டையிலும் 2023 இல் வந்த ஐஓஎஸ் 17 இலிருந்து வைக்கலாம். "சரி", "வேண்டாம்" என்று இரண்டு பொத்தான். முழங்கையால்கூட அழுத்திவிடுவேன்.

இன்னொன்று, பட்டையில் முதல் சாமானின் பெயரைப் போட்டு "மற்றும் 8 பொருட்கள்" என்று எழுதுகிறார்கள். மேசையில் கிடக்கிற போன், அளவு கொடுக்க வந்தவர்கள், தையல் பழக வருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிகிற திரை. முதலாவதாக எதைக் கூடைக்குள் போட்டேன் என்பதை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணிக்கை மட்டும் போதும்.

சரி, தம்பியின் கதை. அவன் டொரோண்டோவில் இருந்து அம்மாவுக்கு ஓடர் போடுவான், காசும் அவனுடைய கார்ட்டில். அம்மா என் வளவுக்குள்தான், பக்கத்து வீடு. வன்னியில் இப்படி வெளியிலிருந்து போடுகிற ஓடர் எவ்வளவு இருக்கும் என்று இந்தச் செயலிக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்காது. அப்படியிருந்தும் பட்டை வருவது போட்டவனின் போனுக்கு மட்டும். படலை திறக்கிற அம்மாவுக்கு ஒன்றும் இல்லை.

அவன் வேலையால் வந்து பின்னேரம் 4 மணிக்குப் போட்டால் எங்களுக்கு நடுச்சாமம் தாண்டி 1.30, கோடையில் ஒன்பதரை மணி வித்தியாசம். பட்டை அந்த நேரமே அவன் திரையில் தொடங்கிவிடும். ஐபோனில் ஒரு பட்டை உயிரோடு இருக்கக்கூடியது 8 மணித்தியாலம்தான். ஆக எங்கள் காலை 9.30 க்கு, கடை திறந்து சாமான் எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், அவனுடைய பட்டை செத்துவிடும். அதற்குப் பிறகும் 4 மணித்தியாலம்வரை பூட்டுத்திரையில் கடைசி நிலையோடு உறைந்து கிடக்கும். அவன் விடிய விழித்திருந்து பார்ப்பது அதைத்தான். சாமான் எடுக்கத் தொடங்கும்போது பட்டையைத் தொடங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

நேரத்தாலும் ஒரு கூத்து. பட்டை அவனுடைய போனின் மணியில் "1.40" என்று காட்ட, அவன் அம்மாவுக்கு அடித்து "ஒண்டு நாப்பதுக்கு வருமாம் அம்மா" என்றான். எங்களுக்கு அது காலை 11.10. அம்மா குளிக்கப் போய்விட்டா. பெடியன் வந்து மணி அடித்துப் பார்த்து, ஓடரில் இருந்த நம்பருக்கு அடித்திருக்கிறான், அது டொரோண்டோ நம்பர். அங்கிருந்து தம்பி எனக்கு அடித்து, நான் மெஷினை நிறுத்திவிட்டு ஓடி, வேலிக்கு மேலால் வாங்கினேன். அந்தப் பிள்ளை பாவம், "பரவாயில்லை அக்கா" என்று சிரித்தான். வரும் நேரத்துக்குப் பக்கத்தில் "இலங்கை நேரம்" என்று போட எவ்வளவு இடம் வேண்டும்?

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். அதுவும் அந்தக் கடைசித் தகவல் வரிக்காகத்தான். பால்மாக் கேள்வியைப் பட்டைக்குக் கொண்டுவந்தால் நாலு.

வெளிநாட்டிலிருந்து வீட்டாருக்குப் போடுகிறவர்கள் இப்போதைக்கு இப்படிச் செய்யுங்கள். முகவரிப் பக்கத்தில் "பெறுபவர்" என்று கீழே ஒரு கட்டம் மடங்கிக் கிடக்கும், அதைத் திறந்து வீட்டில் இருப்பவரின் நம்பரைப் போடுங்கள். பட்டை அவர்களுக்கு வராது, ஆனால் புறப்பட்டதும் ஒரு குறுஞ்செய்தி வரும், பெடியனும் அந்த நம்பருக்குத்தான் அடிப்பான். குறிப்பு எழுதும் இடத்தில் அம்மாவின் பெயரை விட "வாசிகசாலைக்கு எதிர் ஒழுங்கை, நீலப் படலை" என்று எழுதுங்கள், கெதியாக வந்து சேருவான்.