கடலூர், புதுச்சேரியிலிருந்து தீம் பார்க் பேக்கேஜ் போகிறவர்கள் பணம் கட்டும் முன் படிக்கவும்

லீவு நெருங்கினால் கடலூர், புதுச்சேரி வாட்ஸ்அப் குரூப்புகளில் ஒரே மாதிரி விளம்பரம் சுற்ற ஆரம்பித்துவிடும். "ஒரு நாள் தீம் பார்க் டூர். ஏசி வேன், டிக்கெட், டிபன், சாப்பாடு எல்லாம் சேர்த்து தலைக்கு 2,300 ரூபாய்." இப்படி ஒரு டூரில் போய் ஏமாந்த 22 பேர் குழுவின் டிக்கெட், ரசீது, ஏஜென்டோடு பேசிய வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாவற்றையும் வரிசைப்படுத்திப் பார்த்த பிறகு இதை எழுதுகிறோம். வேன் டிரிப், ரைடு ஆபரேஷன், நுகர்வோர் புகார் மூன்றிலும் பழக்கமுள்ளவர்கள் சேர்ந்து எழுதுவது. ஏஜென்டின் பெயரும் பார்க்கின் பெயரும் இதில் இல்லை. இதே வேலையைப் பல பேர் செய்கிறார்கள். ஒரு பெயரை மட்டும் சொன்னால் அடுத்தவரிடம் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

நடந்தது இதுதான். காணும் பொங்கலுக்கு டூர். 22 பேருக்கு 50,600 ரூபாய் முழுவதும் முன்பணமாக, ஒரு தனிநபரின் யுபிஐ எண்ணுக்குப் போயிருக்கிறது. பில் கிடையாது. காலை 5 மணிக்குக் கடலூரில் வேன் கிளம்பும் என்று சொன்னார்கள். கிளம்பியது 5.40. காலி சீட்டை நிரப்ப கன்னியகோயில், முருங்கப்பாக்கம், இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை என்று நின்று நின்று ஆள் ஏற்றியதில் புதுச்சேரியைத் தாண்டவே ஏழரை ஆகிவிட்டது. மரக்காணம் தாண்டி டிபனுக்கு ஒரு மணி நேரம். பார்க் கேட்டில் நிற்கும்போது மணி 11.40.

கேட்டில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் சிவப்பு விழுகிறது. பெரியவர்கள் 17 பேரில் 11 பேருக்கு வாங்கியிருந்தது வார நாள் டிக்கெட். மீதி 6 பேருக்கு கல்லூரி மாணவர் சலுகை டிக்கெட். அதற்கு ஐடி கார்டு காட்ட வேண்டும். குழந்தைகள் ஐந்து பேருக்கும் வார நாள் குழந்தை டிக்கெட்தான், ஆனால் அவர்களுக்கும் பெரியவர் கட்டணமாக 2,300 வாங்கியிருக்கிறார். வித்தியாசம் பெரியவருக்கு 250, மாணவர் டிக்கெட்டுக்கு 500, குழந்தைக்கு 200. கூட்டினால் 6,750 ரூபாய், அங்கேயே கையிலிருந்து கட்ட வேண்டியதாயிற்று. போன் போட்டபோது ஏஜென்ட் சொன்ன பதில்: "அண்ணே, இப்போதைக்கு கட்டிடுங்கண்ணே, சாயங்காலம் அனுப்பிடறேன்." சாயங்காலம் போன் ஸ்விட்ச் ஆஃப்.

இதில் பார்க் ஊழியர் விதிப்படிதான் நடந்தார். டிக்கெட் ஏஜென்டின் மொபைல் எண்ணில் பதிவாகியிருந்ததால் ரத்து செய்தாலும் பணம் ஏஜென்ட் கணக்குக்குத்தான் திரும்பும். பேக்கேஜ் டூரில் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான். டிக்கெட்டை நீங்களே, உங்கள் எண்ணில், பார்க்கின் சொந்த வெப்சைட்டில் வாங்குங்கள். வேனை மட்டும் தனியாகப் பேசுங்கள். ஏஜென்ட் மூலம்தான் முடியும் என்றால் புக்கிங் எண்ணைப் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பே கேட்டு வாங்கி, பார்க்கின் உதவி எண்ணுக்கு நீங்களே அழைத்து மூன்றை மட்டும் உறுதி செய்யுங்கள்: எந்தத் தேதி, எத்தனை பெரியவர் எத்தனை குழந்தை, எந்தச் சலுகை. டிக்கெட்டின் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்பி, புக்கிங் எண் இருக்கும் பகுதியை வெட்டிவிட்டால் அந்த டூரை விட்டுவிடுங்கள்.

குழந்தை டிக்கெட் வயதைப் பார்த்துத் தருவதில்லை, உயரத்தைப் பார்த்துத்தான். பெரும்பாலான பார்க்குகளில் 85 அல்லது 90 செ.மீ.க்குக் கீழ் இலவசம், 140 செ.மீ. வரை குழந்தைக் கட்டணம். வீட்டுச் சுவரில் செருப்பில்லாமல் நிற்க வைத்து அளந்துவிடுங்கள். பெரிய ரைடுகளுக்கும் உயர வரம்பு உண்டு. அதற்கு ஓரிரு செ.மீ. குறைவான பிள்ளை ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, கடைசியில் அளவுகோலில் திருப்பி அனுப்பப்பட்டு அழுவதை லீவு நாளில் எந்தப் பார்க்கிலும் பார்க்கலாம். ஏறும் இடத்தில் இருக்கும் அளவுகோல் வரிசையின் வாசலிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் சண்டை போட்டாவது கேட்கலாம், நியாயமான சண்டை.

இனி உள்ளே நடந்ததற்கு வருவோம். அந்தக் குழுவுக்கு மாலை ஆறு மணி வரை சராசரியாக மூன்று பெரிய ரைடு கிடைத்தது. "உள்ள போயிட்டா எல்லா ரைடும் ஃப்ரீதானேக்கா" என்று விற்கிறார்களே, அந்த வார்த்தையில்தான் ஓட்டை. நுழைவுச் சீட்டு வரிசையில் நிற்கும் உரிமையைத் தருகிறது, ரைடில் உட்காரும் இடத்தை அல்ல. கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

32 சீட் உள்ள ஒரு பெரிய ஊஞ்சல் ரைடை எடுத்துக்கொள்வோம். சுற்றும் நேரம் இரண்டு நிமிடம். இறக்கி, ஏற்றி, ஒவ்வொரு சீட்டின் பாதுகாப்புக் கம்பியையும் இழுத்துப் பார்த்து, பெல்ட்டைச் சரிபார்த்து, ஆபரேட்டருக்குக் கட்டைவிரல் காட்ட நான்கு நிமிடம். ஆக ஆறு நிமிடத்துக்கு ஒரு சுற்று, மணிக்குப் பத்து சுற்று, 320 பேர். பார்க்கில் இப்படி 12 பெரிய ரைடுகள், சராசரியாக மணிக்கு 300 பேர் என்றால் மொத்தம் 3,600 இடம். உள்ளே 3,000 பேர் இருந்தால் ஆளுக்கு மணிக்கு ஒன்றுக்கு மேல் வரும். ஆறு மணி நேரத்தில் ஏழு ரைடு. அதே பார்க்கில் 8,000 பேரை விட்டால் ஆறு மணி நேரத்தில் ஆளுக்கு மூன்று கூட வராது. நீங்கள் எவ்வளவு சுறுசுறுப்பாக ஓடினாலும் இந்தக் கணக்கு மாறாது. உங்களுக்கு நான்கு கிடைத்தால் இன்னொருவருக்கு ஒன்று குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

அந்த நான்கு நிமிடத்தை இரண்டாக்கினால் கூட்டத்தைச் சமாளிக்கலாமே என்று நினைக்கக் கூடாது. கம்பியைக் கையால் இழுத்துப் பார்ப்பது அந்த நேரத்தில்தான். 2025 மே மாதம் சென்னை ஈசிஆரில் ஒரு பார்க்கில் ரைடு உயரத்திலேயே நின்றுபோய், 30-க்கும் மேற்பட்டவர்களைத் தீயணைப்புத் துறையினர் ஸ்கைலிப்ட் கொண்டு பத்திரமாக இறக்கினார்கள். அப்படி நின்றுபோனால் உங்களைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கம்பிதான். ஊழியர் அவசரப்படுத்தினாலும் உங்கள் சீட்டின் கம்பியை நீங்களே ஒருமுறை மேலே தள்ளிப் பாருங்கள். அசைந்தால் கையை உயர்த்திக் கத்துங்கள். அதற்காக வெட்கப்பட வேண்டாம்.

அடுத்து ஃபாஸ்ட் டிராக். கூடுதல் பணம் கட்டினால் தனி வரிசை. பணம் கட்டியவருக்கு லாபம்தான், ஆனால் சீட் அதே 32தான். அதில் பாதியை ஃபாஸ்ட் டிராக் வரிசைக்குக் கொடுத்தால் சாதாரண வரிசைக்கு மணிக்கு 160 இடம். ஒரு மணி நேரமாக இருந்த வரிசை இரண்டு மணி நேரமாகிறது. சாதாரண டிக்கெட் வாங்கியவர் ஒரு பைசா கூடக் குறைவாகக் கட்டவில்லை, கிடைத்தது பாதி. இது கண்ணுக்குத் தெரியாத விலை உயர்வு என்பது எங்கள் கருத்து.

வரிசையில் நுழையும் முன் அரை நிமிடத்தில் கணக்குப் போடலாம். வளைந்து வளைந்து போகும் வரிசையின் ஒரு மடிப்பில் எத்தனை தலை, எத்தனை மடிப்பு? 20 பேர், 8 மடிப்பு என்றால் 160 பேர். 32 சீட்டுக்கு ஐந்து சுற்று, ஆறு நிமிடம் வீதம் அரை மணி நேரம். பக்கத்து ஃபாஸ்ட் டிராக் வரிசையிலும் ஆள் நிரம்பியிருந்தால் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். திறந்ததும் வாசலுக்கு அருகில் உள்ள ரைடில் எல்லோரும் மொய்ப்பார்கள்; நீங்கள் கடைசி மூலையில் இருக்கும் பெரிய ரைடுக்கு நேராகப் போங்கள். சாப்பாட்டை 12 மணிக்கே முடித்துவிட்டால், மற்றவர்கள் ஒன்றரைக்கு உணவகத்தில் நிற்கும்போது வரிசை கொஞ்சம் இளகும்.

தண்ணீர் ரைடுகளில் இன்னொரு சிக்கல். பருத்தித் துணியின் நூல் ஃபில்டரை அடைக்கும் என்பதால் நைலான் உடைதான் அனுமதி. இது நியாயமான விதி, ஆனால் ஏஜென்ட் சொல்லவே இல்லை. ஒன்பது பேர் உள்ளேயே 400, 450 கொடுத்து வாங்கினார்கள். திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டிலோ புதுச்சேரி சண்டே மார்க்கெட்டிலோ முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள், விலையில் நல்ல வித்தியாசம் இருக்கும். நீச்சல் குளத்தில் குளோரின் வாடை மூக்கைத் துளைத்தால் "நல்லா மருந்து போட்டிருக்காங்க" என்று நினைத்துவிடாதீர்கள். வியர்வை, சிறுநீரோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமின் வாடை அது. உள்ளே இறங்கிய கூட்டத்துக்குச் சுத்திகரிப்பு ஈடுகொடுக்கவில்லை என்று அர்த்தம். கண் எரிவதும் பெரும்பாலும் அதனால்தான். அலைக்குளத்தின் அடித்தரை தெளிவாகத் தெரியவில்லை என்றால் குழந்தையை இறக்க வேண்டாம். மூழ்கிய பிள்ளை லைஃப்கார்டு கண்ணுக்கும் தெரியாது.

வேன் விஷயம். மஞ்சள் போர்டு இல்லாத சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு விட அனுமதி இல்லை. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் பணம் இழுபறியாகும். கடலூரிலிருந்து ஈசிஆரில் போனால் புதுச்சேரி எல்லைக்குள் புகுந்துதான் வெளியே வர வேண்டும். அதற்கான பெர்மிட், டோல், டிரைவர் பேட்டா யார் பொறுப்பு என்பதைப் புறப்படும் முன் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். கடைசியாக ஆள் ஏற்றும் இடம் எது, அங்கே எத்தனை மணி என்பதையும் அதிலேயே சேர்க்கவும். "5 மணிக்கு கிளம்பிடுவோம்ண்ணே" என்ற பேச்சை நம்பி மட்டும் போகாதீர்கள்.

விலை ஏறுவதையே குற்றம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் திறந்த வண்டர்லாவுக்கு ஆன முதலீடு 600 கோடிக்கு மேல். ரைடு இறக்குமதி, மின்சாரம், தினசரி சோதனை எல்லாம் கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமையும் ஓடும் செலவுகள். டிக்கெட்டில் ஜிஎஸ்டியும் உண்டு. 2018 ஜனவரியில் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைத்தார்கள். அமெரிக்காவின் அனாஹெய்மில் 1955-ல் டிஸ்னிலேண்ட் திறந்தபோது நுழைவுக்கு ஒரு டாலர், ரைடுக்குத் தனிச் சீட்டு. 1982-ல் ரைடு சீட்டுப் புத்தகம் நின்று, ஒரே டிக்கெட்டில் எல்லாம் என்றானது. 1999-ல் வந்த ஃபாஸ்ட்பாஸ் (நீண்ட வரிசையில் நிற்காமல் ஏறும் சீட்டு) இலவசம். 2021-ல் அதன் இடத்துக்குக் கட்டண முறை வந்தது. கூட்டம் மிகுந்த நாளில் அங்கே ஒரு நாள் டிக்கெட் இப்போது 200 டாலருக்கு மேல். அந்த விலையிலும் அங்கே கூட்டம் இருக்கிறது, ஏனென்றால் உலகம் முழுவதிலிருந்தும் ஆள் போகிறார்கள்.

ஈசிஆர், ஓஎம்ஆர் பார்க்குகளுக்கு அந்த வசதி இல்லை. சென்னையை விட்டால் வேனில் நான்கு மணி நேரத்துக்குள் வந்து திரும்பக்கூடிய ஊர்கள்தான்: காஞ்சிபுரம், விழுப்புரம், புதுச்சேரி, கடலூர். வருஷத்துக்கு ஒருமுறை பிள்ளைகளுக்காகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசில் வருகிற குடும்பங்கள். காணும் பொங்கலன்று மூன்று ரைடு மட்டும் பார்த்துத் திரும்பியவர் தெருவில் பத்துப் பேரிடம் சொல்லுவார். அடுத்த வருஷம் அந்தக் காசு வேறெங்காவது போகும். லீவு நாளில் வாசலை முழுதாகத் திறந்து சம்பாதிக்கும் பார்க், வார நாளுக்கு வரவேண்டிய ஆளைத்தான் இழக்கிறது. பார்க் நிர்வாகங்களிடம் நாங்கள் கேட்பது, அன்றைய டிக்கெட் எண்ணிக்கைக்கு வரம்பு வையுங்கள், ரைடு திறனில் எத்தனை பங்கு ஃபாஸ்ட் டிராக்குக்குப் போகிறது என்பதைக் கவுன்டரில் எழுதிப் போடுங்கள், மூடியிருக்கும் ரைடுகளின் பட்டியலை டிக்கெட் விற்கும் முன் காட்டுங்கள். மூன்றும் செய்யக்கூடியவை.

ஆன்லைனில் வாங்கும்போது முதல் பக்கத்தில் ஒரு விலை, கடைசிப் பக்கத்தில் வரியும் வசதிக் கட்டணமும் சேர்ந்து வேறு விலை வந்தாலோ, கேட்காமலே உணவுக் கூப்பன் சேர்ந்திருந்தாலோ, பணம் கட்டாமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். 2023 நவம்பரில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் இந்த இரண்டு தந்திரத்தையும் தடை செய்கின்றன. ஒரே தண்ணீர் பாட்டிலுக்குப் பார்க்குக்கு ஒரு எம்ஆர்பி, வெளியே ஒரு எம்ஆர்பி என்று அச்சடிப்பதும் 2018 முதல் கூடாது.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு. போலி வெப்சைட்டில் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் கணக்கு மாறிக்கொண்டே போகும். சேவைக் குறைபாடு என்றால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கடலூர்க்காரர் கடலூரில், புதுச்சேரிக்காரர் புதுச்சேரியில். கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். விளம்பரப் படம், யுபிஐ பரிவர்த்தனை எண், கேட்டில் கட்டிய வித்தியாசத் தொகையின் ரசீது, வேன் எண் தெரியும் போட்டோ, போகும்போது எடுத்த படங்களின் நேரம், இவ்வளவும் தேவைப்படும். வாட்ஸ்அப் மெசேஜை ஏஜென்ட் தன் பக்கத்திலிருந்து அழித்துவிடுவார் என்பதால் அன்று இரவே அந்த உரையாடல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து இமெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.