கொரோலா 121: ஓட்டோ கியர் ஒயில் மாற்றி ஓடிய 38,000 கிலோமீற்றர்

2018-இல் வாங்கும்போது என் டொயோட்டா கொரோலா 121-இன் மீற்றரில் 94,000 கிலோமீற்றர். நான் மூன்றாவது உரிமையாளர். கியர் ஒயிலைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று விற்றவருக்கும் தெரியவில்லை. காலையில் ‘டி’யில் போட்டால் ஒரு செக்கன் யோசித்துத்தான் வண்டி பிடிக்கும். திருகோணமலையில் உவர்மலை ஏற்றத்தில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது ஓர் உதை. கியர்பெட்டியின் ஒயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடைத்தால், சிவப்பாக இருக்க வேண்டிய ஒயில் பிளேன்டீ நிறத்தில் இருந்தது. கருகின வாடை மட்டும் இல்லை. அதுதான் எனக்குத் தைரியம் தந்தது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. இனி இந்த வண்டிதான் என்று ஆனபிறகு விசாரிக்கத் தொடங்கினேன். ஒரு கராஜில் “மெஷின் போட்டு மொத்தமா ஃபிளஷ் பண்ணுவம்” என்றார்கள். இன்னோர் இடத்தில், “தம்பி, இவ்வளவு நாள் மாத்தாததை இனித் தொட வேணாம், கியர் வழுக்கத் தொடங்கிடும்.”

இந்த இரண்டாவது பயம் சும்மா வந்ததில்லை. கிளச் பிளேட் ஏற்கெனவே தேய்ந்து வழுக்குகிற கியர்பெட்டிக்குத்தான் பலர் கடைசி நம்பிக்கையாக ஒயில் மாற்றுகிறார்கள். அது பிறகு நின்றுபோனால் பழி புது ஒயிலின் மேல் விழுகிறது. என் வண்டி உதைத்ததே தவிர வழுக்கவில்லை. ரேஸ் ஏறியும் வேகம் ஏறாமல் இருந்திருந்தால் நானும் தொட்டிருக்க மாட்டேன்.

மெஷினை வேண்டாம் என்று விட்டதற்குக் காரணம் வேறு. அது கியர் ஒயிலைக் குளிர்விக்கும் கூலரின் குழாய் வழியாக ஒயிலை மாற்றும், பெட்டியின் அடித்தட்டான சம்ப்பைக் கழற்றிப் பார்க்காது. இத்தனை வருட அழுக்கை ஒரேயடியாகக் கிளப்பினால் ஒயிலைத் திருப்பிவிட்டுக் கியர் மாற்றும் பாகமான வால்வ் பொடியின் (valve body) ஊசித் துளைகளில் போய் அடைக்குமோ என்று பயந்தேன். அதனால் வடித்து ஊற்றும் வழிக்கே போனேன்.

2021 தொடக்கத்தில், 1,08,000-இல் சம்ப்பைக் கழற்றினோம். உள்ளே இருக்கும் காந்தங்களில் சாம்பல் நிறத்தில் மை போன்ற படிவு. அது சாதாரணத் தேய்மானம். மினுங்கும் உலோகத் துண்டுகள் கிடந்திருந்தால் கதை வேறு. ஃபில்டரும் கஸ்கட்டும் புதிது போட்டோம். சுமார் 7 லீட்டர் கொள்ளும் பெட்டியில் வடிவது 3 லீட்டர்தான். மீதி, எஞ்சினையும் கியர்பெட்டியையும் இணைக்கும் டோர்க் கன்வேர்ட்டரிலும் கூலரிலும் நின்றுவிடும். அதாவது ஒரு தடவையில் பாதிகூடப் புதிதாகாது. மூன்று தடவை செய்தால் ஐந்தில் நாலு பங்கு மாறிவிடும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் கந்தளாய், ஹபரண வழியாக ஒரு கொழும்புப் பயணம், போக வர 500 கிலோமீற்றருக்கு மேல்.

ஒயில் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். இந்த வண்டிக்கு டொயோட்டா டைப் டி-4. “எல்லாச் சிவப்பும் ஒண்டுதான்” என்று கடையில் சொல்வார்கள், ஒன்றல்ல. டொயோட்டாவின் பிந்திய வண்டிகளுக்கான டபிள்யூ.எஸ். ஒயிலும் இதற்கு மாற்றில்லை. படிப்படியான கியர்கள் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் சிவிடி பெட்டி என்றால் அதற்குரிய ஒயில் தனி, சாதாரண ஓட்டோ ஒயிலை ஊற்றினால் பெட்டியே போகும்.

வடிந்ததை அளந்து, அதே அளவை டிப்ஸ்டிக் குழாய் வழியாக ஊற்றினோம். அப்புறம் வண்டியைச் சூடாக ஓடிவந்து, சமதரையில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி எல்லாக் கியருக்கும் ஒருமுறை போய்வந்து, எஞ்சின் ஓடும்போதே ‘ஹொட்’ கோடு பார்க்க வேண்டும். கூடினால் நுரைக்கும், அதுவும் கெடுதல்தான்.

முதல் தடவை பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, கொஞ்சம் ஏமாற்றம். இரண்டாவதுக்குப் பிறகு உவர்மலையில் அந்த உதை இல்லை. இன்றுவரை திரும்பி வரவும் இல்லை. காலைத் தாமதம் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. பெட்ரோல் செலவில் வித்தியாசம் காணவில்லை.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திருகோணமலை வெயிலில் ரேடியேட்டரையும் கவனிக்கிறேன். கியர் ஒயில் குளிர்வது அதற்குள்தான். உள்ளே கசிந்து தண்ணீர் கலந்தால் ஒயில் பால்தேநீர் மாதிரி ஆகிவிடும்.

1,28,000-இல் ஒருமுறை மட்டும் வடித்து ஊற்றினேன், வந்தது கருஞ்சிவப்பு, பிளேன்டீ நிறம் இல்லை. இப்போது 1,46,000. அடுத்தது 1,48,000-இல். நாலு லீட்டர் கேன் ஒன்று வாங்கி வீட்டில் வைத்திருக்கிறேன்.