"சாந்தமான குட்டி" என்று சொல்லிக் காது கேட்காத ராஜபாளையத்தை விற்கிறார்கள், வடசென்னைக்காரர்கள் கவனம்

வேட்டை நாய்க் குட்டி வாங்க அலைந்துகொண்டிருப்பவர்கள், அதிலும் மணலி, மாதவரம், எண்ணூர் பக்கம் மொட்டை மாடியில் வைத்து விற்கிறவர்களிடம் முன்பணம் கொடுக்கப் போகிறவர்கள், கொஞ்சம் பொறுத்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஒருவர் எங்களுக்கு "சாந்த குணம்" என்று சொல்லி, இரண்டு காதும் கேட்காத ராஜபாளையம் குட்டியை 16,000 ரூபாய்க்கு விற்றார். தெரியாமல் நடந்ததல்ல, தெரிந்தே செய்தார். புகார் கொடுத்திருப்பதால் ஆளின் பெயரும் தெருவும் இங்கே வேண்டாம். அவர் எப்படிச் செய்தார் என்பதை மட்டும் முழுசாக எழுதுகிறேன், ஏனென்றால் அதே முறையில் இன்னமும் குட்டிகளை விற்றுக்கொண்டிருக்கிறார்.

குட்டி என் மச்சானுக்கு. பெரியபாளையம் தாண்டி அவருக்குத் தோட்டம் இருக்கிறது, ஆடு நிற்கிறது, ராத்திரிக் காவலுக்கு நாய் வேண்டும். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் வளர்த்துப் பழக்கிவிட்டு அப்புறம் தோட்டத்துக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. வேட்டைக்கு விடுவதற்கு அல்ல, காட்டு விலங்கை வேட்டையாடுவது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் வேட்டை நாயின் குணம் காவலுக்கும் வேண்டும். எங்கள் தாத்தா கோவில்பட்டிப் பக்கம் நாய் வளர்த்தவர், ஒரு ஈத்தில், அதாவது ஒரே பிரசவத்தில் பிறந்த குட்டிகளில், எது தேறும் என்று பார்த்து எடுக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. உயரமும் நிறமும் பிறகுதான். ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ கண்ணால் பார்த்ததும் ஓடுகிற ஜாதி, ஓட ஆரம்பித்துவிட்டால் அதை நிறுத்த நம்மிடம் இருப்பது குரல் ஒன்றுதான். அதனால் கூப்பிட்டால் திரும்புகிற குட்டி, சத்தத்துக்கு மிரண்டாலும் உடனே தெளிகிற குட்டி வேண்டும் என்று போனிலேயே தெளிவாகச் சொன்னோம்.

"நான் கொணம் பாத்து குடுக்கறவன்ணா. 49ஆவது நாள் டெஸ்ட் பண்ணிட்டுத்தான் குட்டியவே வெளிய உடுவேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் நம்பிக்கை வந்தது, ஏனென்றால் 49ஆவது நாள் என்பது சும்மா வாய்க்கு வந்த கணக்கு இல்லை. நாய்ப் பயிற்சியாளர்களான வால்ஹார்ட் தம்பதி வகுத்த குட்டிச் சோதனை ஒன்று உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருக்கிறது, அதை 7 வாரம் நிறைகிற சமயத்தில்தான் செய்வார்கள். ஆளிடம் தானாக வருகிறதா, நடந்தால் பின்னால் வருகிறதா, மல்லாக்கப் பிடித்தால் திமிறிவிட்டு அடங்குகிறதா, தூக்கிப் பிடித்தால் என்ன செய்கிறது, கசக்கிப் போட்ட காகிதத்தை எடுத்து வருகிறதா, விரலிடுக்கில் லேசாக அழுத்தினால் எவ்வளவு நேரத்தில் இழுத்துக்கொள்கிறது, திடீர்ச் சத்தத்துக்கு என்ன செய்கிறது, கயிற்றில் கட்டி இழுக்கிற துணியைப் பார்த்தால் என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். இதில் மூன்று நிபந்தனை இருக்கிறது: குட்டிக்குப் பழக்கமில்லாத இடம், பழக்கமில்லாத ஆள், ஒரு நேரத்தில் ஒரு குட்டி. இந்த மூன்றில்தான் அவர் கை வைத்தார்.

மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, தரையில் தகரம் விரித்து மேலே சாக்கு போட்டிருந்தது, ஐந்து குட்டிகள். தனியாக எடுத்து வேறு இடத்தில் விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, மற்ற குட்டிகளின் வாசனை இல்லையென்றால் பயந்துவிடும், நோய் ஒட்டிக்கொள்ளும் என்று தடுத்தார். நாய்க்குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸ் செருப்பில்கூட ஒட்டிக்கொண்டு வரும் என்பது உண்மையாகையால் நியாயமான காரணமாகத்தான் இருந்தது. சத்தத்துக்கு என்ன செய்கிறது பார்க்கலாம் என்றோம். எங்களை ஓரமாக நிற்க வைத்துவிட்டு அவரே தகரத்தின் மேல் காலை ஓங்கித் தட்டினார், ஐந்தும் நிமிர்ந்து பார்த்தன. அப்புறம் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டே முன்னால் வந்து குனிந்தார், ஐந்தும் ஓடி வந்தன. அதில் ஒன்றைத் தூக்கி மடியில் மல்லாக்கப் போட்டார். அப்போது கீழே தெருவில் யாரோ பைக்கை முறுக்கினார்கள், மற்ற நான்கும் சாக்குக்கு அடியில் போய்ப் புகுந்தன, மடியில் இருந்தது மட்டும் கண்ணைச் சொக்கிக்கொண்டு கிடந்தது. "பாத்தீங்களாண்ணா? இடி உழுந்தாலும் அசையாது. கொயந்த இருக்கற ஊட்டுக்கு இதான் கரெக்டு."

இப்போது யோசித்துப் பாருங்கள். தகரத்தில் காலைத் தட்டினால் காது கேட்காத குட்டிக்கும் அதிர்வு பாதத்தில் தெரியும். தட்டைக் கண் முன்னால் கொண்டுவந்தால் பார்த்தே ஓடி வரும். கூடப் பிறந்தவை எழுந்தால் தானும் எழும், அதனால்தான் காது கேளாத குட்டிகள் ஈத்தோடு இருக்கிறவரை பிடிபடுவதில்லை. அந்த மாடியில் அவர் செய்து காட்டிய எதிலுமே காதுக்கு வேலையே இல்லை.

வீட்டுக்கு வந்த மறுநாளே என் மனைவிக்குச் சந்தேகம். அடுப்படி வாசலிலேயே படுத்திருந்த குட்டி குக்கர் விசிலுக்குக் காதைக்கூட ஆட்டவில்லை. எங்கள் தெருமுனையில் கண்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும், அந்த ஏர் ஹாரனுக்குப் புதிதாக வரும் மனிதர்களே துள்ளுவார்கள், இது தூங்கிக்கொண்டே இருந்தது. அந்த வாரமே, தூங்கும் குட்டியை என் தங்கை மகன் ஆசையாகத் தொட, அது பதறி எழுந்து அவன் கையைக் கவ்விவிட்டது. பால்பல் ஊசி மாதிரி, தோல் கிழிந்து ரத்தம் வந்தது. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி ஊசி போட்டோம். அந்தப் பிள்ளை இன்றைக்கும் நாயைப் பார்த்தால் கதவுக்குப் பின்னால் போகிறான். குட்டியின் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆள் வருவது தெரியாமல் தூங்கும் எந்தக் காது கேளாத நாயும் தொட்டால் திடுக்கிடத்தான் செய்யும்.

கால்நடை மருத்துவர், குட்டி தலைக்குப் பின்னால், அது பார்க்காதபடியும் காற்றோ அதிர்வோ படாதபடியும் வெவ்வேறு சத்தங்கள் எழுப்பிப் பார்த்தார். ஒன்றுக்கும் அசைவில்லை. இது ராஜபாளையம் மாதிரி வெள்ளை நாய்களில் பரம்பரையாக வருவது என்று விளக்கினார். தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்கள்தான் உள்காதுக்கும் தேவை, அவை அங்கே இல்லையென்றால் பிறந்து சில வாரத்துக்குள் உள்காதின் ஒரு பகுதி சிதைந்து கேட்கும் திறன் போய்விடும், அப்புறம் திரும்பாது. டால்மேஷன் நாய்களில் இதை நன்றாக ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். ராஜபாளையத்தில் நீலக்கண் குட்டிக்குக் காது சந்தேகம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் குட்டிக்கு நீலக்கண் இல்லை, ரோஸ் மூக்கும் ரோஸ் பாதமுமாக லட்சணமாகத்தான் இருந்தது. ஆகவே கண்ணை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள்.

அதே மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார். 60 நாள் குட்டி என்று சொல்லி விற்றிருந்தார்கள். 8 வாரத்தில் பால்பல் 28ம் வந்திருக்க வேண்டும், இதற்குப் பின்பற்கள் இன்னும் சரியாக முளைக்கவே இல்லை, 6 வாரம்கூட இருக்காது என்றார். 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது, விற்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவும் செய்திருக்க வேண்டும். அப்படியானால் 49ஆவது நாள் சோதனையும் பொய், ஏனென்றால் குட்டிக்கு 49 நாளே ஆகவில்லை. 45ஆவது நாள் போட்டதாக அட்டையில் இருந்த தடுப்பூசியும் பொய். அட்டையில் மருந்துப் புட்டியின் ஸ்டிக்கர் இருந்தது, ரப்பர் ஸ்டாம்பு இருந்தது, டாக்டரின் கையெழுத்தோ பதிவு எண்ணோ இல்லை. முதல் ஊசியிலிருந்து நாங்கள்தான் புதிதாக ஆரம்பித்தோம்.

மச்சானும் நானும் திரும்பப் போய்க் கேட்டோம். மாடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த வேலைக்காரப் பையன் எங்களைப் பார்த்ததும், "அந்தச் செவுட்டுக் குட்டி வாங்கினவங்களா?" என்று கேட்டுவிட்டான். உள்ளேயிருந்து ஒரு அதட்டல், பையன் கீழே இறங்கிப் போய்விட்டான். அவனுக்கே தெரிந்திருக்கிறது! அப்புறம் வந்தவர் முதலில், "வளர வளர காது தொறந்துக்கும்ணா" என்றார். நாய்க்குட்டிக்குப் பிறந்த இரண்டாவது, மூன்றாவது வாரத்திலேயே காது திறந்துவிடும் என்று சொன்னதும் பேச்சு மாறியது. "இன்னாண்ணா இது, இது இன்னா ஃபிரிட்ஜா, கியாரண்டி கார்டு குடுக்க? உயிருண்ணா." உயிர் என்பதால்தானே ஐயா கேட்கிறோம். பணத்தையும் தரவில்லை, அன்று சாயங்காலத்திலிருந்து எங்கள் இருவர் நம்பரும் பிளாக். நாங்கள் ஜிபேயில் அனுப்பிய பணம் வேறொருவர் பெயரில் போயிருப்பதையும் அப்போதுதான் கவனித்தோம். பிறகு அதே ஈத்தில் குட்டி வாங்கிய பெரம்பூர்க்காரர் ஒருவர் தொடர்புகொண்டார். அவருடைய குட்டிக்குக் கூப்பிட்டால் கேட்கிறது, ஆனால் எந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறோம் என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறதாம். ஒரு காது மட்டும் கேட்கிற நாய் அப்படித்தான் செய்யும். இந்தக் குட்டிகளின் தாய், தகப்பன் ஜோடியை இனி சேர்க்கவே கூடாது. ஆனால் விற்றவரோ அடுத்த ஈத்து வருகிறது என்று ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறார்.

சரி, நீங்கள் போனால் என்ன செய்ய வேண்டும்? சாப்பாட்டுக்கு முன்னால் போங்கள், வயிறு நிறைந்த குட்டி எல்லாமே சாந்தமாகத்தான் தெரியும். குட்டியைத் தனியாக, அது பழகாத ஒரு அறையிலோ மாடிப்படியிலோ விடச் சொல்லுங்கள், தரை சிமெண்டாக இருக்கட்டும், விற்பவர் கண்ணில் படாமல் நிற்கட்டும். நோய் பயம் என்றால் செருப்பைக் கழற்றி, கை கால் கழுவிக்கொண்டு போகலாம், அதற்கும் ஒத்துக்கொள்ளாத இடத்தில் வாங்காதீர்கள். குட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, முடிந்தால் தூங்கும்போது, பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள், விசிலடியுங்கள். கைதட்ட வேண்டாம், காற்று படும். நல்ல வேட்டை நாய்க் குட்டி திடுக்கிடும், ஒரு அடி பின்வாங்கும், ஆனால் கொஞ்ச நேரத்தில் அது என்னவென்று மோந்து பார்க்க வந்துவிடும். அந்தத் தெளிவுதான் நமக்கு வேண்டிய குணம். மூலையில் போய் ஒடுங்கி வராமலே இருந்தால் மிரட்சி, தோட்டக் காவலுக்கு ஆகாது. எதற்குமே அசையாமல் இருந்தால் அதைச் சாந்தம் என்று யார் சொன்னாலும் காதைச் சோதிக்காமல் காசை எடுக்காதீர்கள். முதலில் பாய்ந்து வந்து காலைக் கடிக்கிற குட்டியைத்தான் பலரும் "வீரன்" என்று எடுக்கிறார்கள், குழந்தை உள்ள வீட்டுக்கு நான் அதை எடுக்க மாட்டேன், இரண்டாவதாக நிதானமாக வருவதைத்தான் பார்ப்பேன். தாய் நாயைப் பாருங்கள், அது ஆளைக் கண்டு நடுங்கினால் குட்டிகளும் பெரும்பாலும் அப்படித்தான். இந்தச் சோதனைகள் நாளைக்கு நாய் எப்படி வளரும் என்று அடித்துச் சொல்லிவிடாது, வளர்ப்பும் பாதி. ஆனால் இன்றைக்கு மறைக்கப்படுகிற குறையை வெளியே கொண்டுவந்துவிடும்.

குட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை, அங்கே போனால் அதன் கதி என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். தோட்டத்துக்கு அனுப்ப முடியாது. பின்னால் வருகிற டிராக்டரும் தெரியாது, அவிழ்த்துவிட்டால் கூப்பிடவும் முடியாது. எங்களிடமே இருக்கிறது, கை சைகைக்கு உட்காரவும் வரவும் பழகிவிட்டது, சங்கிலி இல்லாமல் வெளியே விடுவதில்லை.

வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, 2 வருடத்துக்குள் போடலாம், வழி தெரியாதவர்கள் 1915க்குப் போன் செய்து கேட்கலாம். போனில் பேசிய பதிவு, ஜிபே ரசீது, போலி அட்டை, மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு எல்லாம் எங்களிடம் இருக்கின்றன. ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, தரையில் தகரம், "இடி உழுந்தாலும் அசையாது" என்ற பேச்சு, இந்த மூன்றும் உங்களுக்கும் நடந்திருந்தால் உங்கள் ரசீதையும் அட்டையையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், நீங்களும் தனியாக ஒரு மனு போடுங்கள். அடுத்த ஈத்துக் குட்டிகள் விலைக்கு வருவதற்குள் போட்டால் இன்னும் நல்லது.