போர்ட் லூயியில் ஒரு பகல்: ஊருக்குள் நடையா, பாம்ப்ளமூஸ் தோட்டமா?

மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயித் துறைமுகத்தில், மேர் ரூஜ் பகுதியில் கப்பல் கட்டியதும், அதில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பையன்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, ஆறு மணிக்குள்ள கப்பல்ல இருக்கணும், எங்க போகலாம்?" கப்பல் ஏஜென்சி வேலையில் இதற்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. டாக்சிக்காரரைக் கேட்டால் கிராண்ட் பே கடற்கரை என்பார். மாதக்கணக்கில் கடலைப் பார்த்து அலுத்தவனுக்குக் காசு கொடுத்து இன்னொரு கடல் எதற்கு? அதை விட்டால் மிச்சம் இரண்டு.

வேலை நாள் என்றால் ஊருக்குள் நடப்பதுதான் என் கட்சி. முதலில் ஆப்ரவாசி காட். கப்பலில் வந்த கூலிகளை இறக்கித் தங்கவைக்க 1849-இல் கட்டிய குடியேற்ற நிலையம் இது. 2006-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 1834 முதல் 1920 வரை கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர். அவர்கள் ஏறிய கல்படிகள் அப்படியே இருக்கின்றன. சின்ன இடம், அரை மணி போதும். ஆனால் கப்பலிலிருந்து இறங்கி வந்தவன் அந்தப் படியில் கால் வைப்பது வேறு மாதிரி இருக்கும்.

அங்கிருந்து சந்தை பக்கம்தான். தோல் பூரி ஜோடியாகத்தான் தருவார்கள்: பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி, உள்ளே அவரைக் குழம்பு, தக்காளித் தொக்கு, மிளகாய்ச் சட்னி. தாளில் சுருட்டிக் கொடுத்ததும் நின்றபடியே சாப்பிட வேண்டும். ஆறினால் வறட்டு வறட்டென்று ஆகிவிடும். அப்புறம் அலூடா. பால், சப்ஜா விதை, கடற்பாசி. நம் ஜிகர்தண்டாவுக்குச் சித்தப்பா பிள்ளை. மீதிச் சில்லறையாக வரும் நோட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், தமிழ் இருக்கும். 1998-இல் தமிழுக்கு மேலே இந்தியைப் போட்டு அச்சடித்தபோது இங்குள்ள தமிழர்கள் கொதித்தெழ, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். வீட்டில் கிரியோல் என்ற உள்ளூர் மொழி பேசுகிறவர்கள்தான், இருந்தாலும் அந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை.

துறைமுகக் கரையில் கடைவீதியான கோடானில் இருக்கும் புளூ பென்னி அருங்காட்சியகத்தில், புகழ்பெற்ற 1847 மொரீஷியஸ் தபால்தலைகளின் அசலுக்கு மணிக்குப் பத்து நிமிடம்தான் வெளிச்சம் போடுவார்கள். மற்ற நேரம் நகல்தான். கால் வலிக்காதவர்கள் சிட்டடெல் கோட்டைக்கு ஏறலாம். துறைமுகமும், 1812 முதல் குதிரை ஓடும் ஷான் த மார்ஸ் மைதானமும் ஒரே பார்வையில் தெரியும்.

பாம்ப்ளமூஸ் தாவரவியல் தோட்டம் ஊருக்கு வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். நிழல், அமைதி, தாம்பாளம் போல் விளிம்பு தூக்கிய ராட்சத அல்லி இலைகள். அந்த அல்லி முதல் நாள் வெள்ளையாகப் பூத்து, மறுநாள் இளஞ்சிவப்பாகிவிடும். பல பத்தாண்டுகள் காத்து ஒரே ஒருமுறை பூத்துச் சாகும் தாளிப்பனையும் உண்டு. இன்ஜின் ரூம் சத்தத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது மருந்து. ஆனால் மூன்று மணிக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும். சாயங்கால நெரிசலில் மாட்டினால் கப்பலேறும் படியில் (கேங்வே) கேப்டன் முகத்தில்தான் விழிப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் கணக்கே தலைகீழ். அன்று போர்ட் லூயி ஆளில்லாத ஊர். அருங்காட்சியகம் மூடல், சந்தையும் மதியத்தோடு சரி. யோசிக்காமல் தோட்டத்துக்கு வண்டி பிடியுங்கள். ஏறுவதற்கு முன்பே போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து வாடகை பேசிக்கொள்ளுங்கள்.